மின்மினிக்கு முன்னால் மதியச் சாப்பாடு

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து கோல சிலாங்கூருக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் வார இறுதித் திட்டம் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு மனப்பாடம். காலையில் பாசார், மதியம் வீட்டில் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். மூன்று மணிக்கு மேல்தான் காடி கிளம்பும். 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தபிறகு கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர் ஒரு மணி நேரப் பாடுதான். மெலாவத்திக் குன்றில் பீரங்கியோடு ஒரு படம், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தோடு ஒரு படம், தோளில் ஏறி உட்காரும் லோத்தோங் குரங்கோடு பிள்ளைகளுக்கு நாலு படம். பொழுது சாய்ந்தால் ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனாம்பாங்கில் நண்டும் இறாலும். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி, பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல மின்னி அணைவதைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீடு.

நல்ல திட்டம்தான். ஒரே ஒரு குறை: எங்கள் ஊரில் நீங்கள் மதியச் சாப்பாடு சாப்பிடுவதே இல்லை.

இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிடாதீர்கள். காப்பாரைத் தாண்டி ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், அப்படியே வடக்கே சபாக் பெர்ணம் வரை, எங்கள் சமையலின் நல்ல பகுதி பதினொன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில்தான் நடக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் பானை இறங்கி, இலை விழுந்து, பானை கழுவிக் கவிழ்த்தாகிவிடும். நீங்கள் வந்து சேரும்போது தகரக் கதவு இறங்கியிருக்கும். அதனால் அங்கே ஒரு கடை இருப்பதே உங்கள் கண்ணில் படுவதில்லை. "அந்தப் பக்கம் நம்ம சாப்பாடு என்ன கிடைக்கும்? ரொட்டி சானாய்தான்" என்று உங்களில் சிலர் சொல்வதும் காதில் விழுகிறது. அந்தப் பேச்சுக்குப் பதில்தான் இந்த மடல்.

எங்கள் பக்கத்தில் மதியத்துக்கு மட்டும் இத்தனை மரியாதை ஏன்? எல்லாம் தோட்டத்து நேரம். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. பெரட்டு கலைந்ததும் ரப்பர் மரம் வெட்டப் போயாக வேண்டும்; வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். முற்பகலில் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, உச்சி வெயிலுக்கு லயத்துக்குத் திரும்புவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபிறகும் அந்தக் கடிகாரம் பெரிதாக மாறவில்லை. குலை வெட்டுகிறவரும் உதிரிப்பழம் பொறுக்குகிறவரும் வெயில் முற்றுமுன் பாதி வேலையை முடிக்கத்தான் பார்ப்பார்கள். ஆகவே தோட்டத்துக் குடும்பத்துக்குப் பெரிய சாப்பாடு என்றால் மதியச் சாப்பாடு: சுடுசோறு, ஒரு குழம்பு, ஒரு கீரை, கருவாடோ நெத்திலியோ ஏதோ ஒன்று. இரவில் மீந்ததைச் சுடவைத்துக்கொள்வார்கள்.

இந்த நாட்டில் செம்பனைத் தொழில் பிறந்ததும் எங்கள் மண்ணில்தான். ஆன்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோல சிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டு வாழ்க்கையைத் தொடங்கினார். பிறகு 1917-இல், அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அதே மனிதர் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் கிடைத்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் நிறையவே எழுதினார்கள். பங்களாவில் என்ன குடித்தார்கள், யார் விருந்துக்கு வந்தார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். லயத்து அடுப்பில் என்ன கொதித்தது என்று எழுதி வைத்தவர்கள் சொற்பம். அது கிழவியிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து மருமகளுக்கு என்று கைமாறியே வந்தது.

தோட்டம் தோட்டமாக இருந்தவரை சாப்பாட்டுக் கடைக்கு வேலையே இல்லை. எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் உலை கொதித்தது. யார் காசு கொடுத்துச் சோறு வாங்குவார்? பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டுபட்டன, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. வெளிக்காட்டு வேலைக்கு வெளிநாட்டவர் வந்தார்கள். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை காலம் காத்துக் கிடந்தார்கள் என்பதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். லயத்தை விட்டவர்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் வந்தார்கள். ஆண்கள் லோரி ஓட்டவும் காவல் வேலைக்கும் போனார்கள். பிள்ளைகள் ரவாங், ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாத ஒரு கூட்டம் அப்படித்தான் உருவானது. அவர்களுக்குச் சோறு போட, வீட்டில் ஆறு பேருக்குச் சமைத்த கை அறுபது பேருக்குச் சமைக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து மதியக் கடைகள் பலவற்றின் பிறப்புச் சான்றிதழ் இவ்வளவுதான்.

ஒரு கடையைக் கிட்டத்தில் நின்று காட்டுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன்; காரணம் பின்னால் வரும்.

பழைய கடைவீட்டு வரிசையின் ஓரக் கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து வெயிலில் வெளுத்துப்போயிற்று. உள்ளே ஆறு மேசை, சுவரில் மாரியம்மன் படம், மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி. கல்லாவில் மகன், பரிமாறுவது மருமகள், அடுப்படியில் அம்மா. வாடிக்கையாளர்கள் எந்த இனமானாலும் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ரசத்தைக் கரண்டியில் எடுத்து ருசி பார்க்க மாட்டார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில் வைப்பார். போதாது என்றால் பக்கத்தில் ஊறும் புளியை இன்னொரு பிழி பிழிந்து விடுவார். அளவு கேட்டுப் பாருங்கள், "பார்த்துப் போடணும்" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

இந்தக் கடைக்கு மெனு அட்டை கிடையாது, இருக்கவும் முடியாது. காலையில் வரும் மீனைப் பார்த்துத்தான் அன்றைய குழம்பு முடிவாகிறது. செனாங்கின் வந்தால் மாங்காய் போட்ட இளங்குழம்பு. கெம்போங் என்றால் மிளகாய் தூக்கலாக, கெட்டியாக. சுறா கிடைத்த அன்று குழம்பு கிடையாது, புட்டு. கடல் கொந்தளித்து மீன் வராத நாளில் முட்டைக் குழம்பும் கருவாட்டுச் சம்பலும். கல்லாவுக்கு மேலே தொங்கும் வெள்ளைப் பலகையில் மகன் அன்றன்றைக்கு எழுதுவான். தீர்ந்ததைத் தன் கட்டைவிரலாலேயே அழிப்பான். ஒரு மணிக்கு மேல் போனால் பலகையில் எழுத்தைவிடக் கறைதான் அதிகம்.

பன்னிரண்டரைக்கு அந்த ஆறு மேசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சேறு அப்பிய ரப்பர் காலணியை வாசலில் கழற்றிவிட்டு வந்த குலை வெட்டும் ஆள்கள். ஒரு மண்டோர். இரும்புக்கடைச் சீனத் தௌக்கே; அவருக்கு மோர் மிளகாய் இரண்டு கூடுதலாக வேண்டும், கேட்காமலே வந்துவிடும். யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் நாலு பேர், ஒரு பொரித்த மீனைப் பங்கு போட்டுக்கொண்டு. புங்குஸ் கட்டிக்கொண்டு போக நிற்கும் பள்ளி ஆசிரியைகள். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த ஓர் இளைஞன், தன் ஊரில் ரசம் இப்படி இராது என்று அம்மாவிடமே சொல்கிறான். அம்மா இன்னொரு கரண்டி ஊற்றுகிறார். கல்லாவில் 555 கடன் நோட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டத்து மளிகைக் கடையில் இருந்த அதே வகை நோட்டு. சம்பளம் போட்டதும் வந்து கணக்கை அடைப்பார்கள். அடைக்காதவர் பெயர் எழுதியபடியே இருக்கும், சோறு மட்டும் நிற்காது.

இனி, பிரிக்பீல்ட்ஸிலும் பங்சாரிலும் உங்களுக்குக் கிடைக்காத சில பதார்த்தங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, செம்பனைக் காளான். ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக்குலைகளைத் தோட்டத்தில் உரமாகக் கொண்டுவந்து பரப்புவார்கள். நல்ல மழைக்குப்பின் அந்தக் குவியலில் காளான் முளைக்கும். மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். குடை விரிந்தால் ருசி போச்சு. விடியற்காலையில் பறித்து வருகிறவர் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுப் பிரட்டினால் கறி வேண்டாம் என்று தோன்றும். வெளியூர்ச் சந்தைக்குப் போகும் சரக்கல்ல இது; பறித்த அன்றே சட்டிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, செம்பனைக் குருத்து. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை கிழட்டு மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரத்தின் உச்சியில் இருக்கும் வெள்ளைக் குருத்தை வெட்டி எடுத்துத் தேங்காய்ப்பால் விட்டுக் கூட்டு வைத்தால் இளந்தேங்காயும் மூங்கில் குருத்தும் கலந்த ஒரு ருசி. மறுநடவு நடக்கும் தோட்டம் பக்கத்தில் இருந்தால்தான் இது இலைக்கு வரும்.

மூன்றாவது, மரவள்ளிக் கொழுந்து. ஜப்பான்காரன் காலத்தில், 1942-இலிருந்து 1945 வரை, அரிசி கிடைக்காத நாளில் மரவள்ளிதான் தோட்டத்து உயிரைக் காத்தது. கிழங்கைத் தின்றவர்கள் இலையையும் விட்டுவைக்கவில்லை. பஞ்சம் போனபிறகும் அந்தக் கீரை இலையில் தங்கிவிட்டது. நன்றாக வேகவைத்து, நெத்திலி இடித்துப் போட்டுச் செய்கிறார்கள். அதோடு ஆற்றோரத்தில் கிடைக்கும் பாக்குக் கீரை, அதாவது பெரணிக் கொழுந்து. மலாய்க் கம்பத்துப் பெண்களிடம் நம் பெண்கள் கற்றுக்கொண்டது. இதைச் சம்பலோடும் செய்வார்கள், பருப்போடும் செய்வார்கள்.

கடலோரமாக வந்தால் கதை வேறு. ஜெராம், கோல சிலாங்கூர்ப் பக்கம் கெராங் சிப்பிக்குப் பேர்போனது. இப்போது முன்போல் விளைவதில்லை, விலையும் ஏறிவிட்டது. கிடைத்த நாளில் ஓட்டோடு பிரட்டிக் கொடுப்பார்கள். சிலாங்கூர் ஆற்றில் நீலக்கால் ஆற்று இறால் அகப்பட்டால் அது பெரும்பாலும் பெரிய கடைகளுக்குப் போய்விடும். எப்போதாவது ஒரு மதியக் கடையின் தேங்காய்ப்பால் குழம்பிலும் தலைகாட்டும். இன்னும் வடக்கே, தஞ்சோங் காராங்கும் செகிஞ்சானும் வயல்காடு. அங்கே வாய்க்கால் மீன்: விரால், கெளுத்தி. வயல் விராலைப் புளிக்குழம்பு வைத்து ஒரு நாள் விட்டுச் சாப்பிட வேண்டும் என்பார்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். வெள்ளிக்கிழமை போனால் இவை எதுவும் இராது, பெரும்பாலும் சைவம். அன்றைக்குப் பரங்கிக்காய்ப் புளிக்கறியும் பாகற்காய் வறுவலும் கேளுங்கள்.

இப்படிப்பட்ட கடை உங்களுக்குப் புதிதல்ல. உங்களில் பலர் பங்சாரிலோ தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலிலோ தெருமுனை இத்தாலியக் கடை ஒன்றைக் கண்டுபிடித்து, மதியச் சாப்பாட்டுக்கு நண்பர்களை அழைத்துக்கொண்டு போகிறீர்கள். நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அந்தச் சாப்பாடு பிடிக்கும். ஏன் பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலாளியே வந்து பேசுகிறார், அன்றைக்கு என்ன இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறது, பாட்டியின் கைப்பக்குவம் என்கிறார்கள், மதியம் முடிந்தால் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். இந்த நாலும் எங்கள் ஓரக் கடையிலும் இருக்கின்றன. கரும்பலகைக்குப் பதில் வெள்ளைப் பலகை. பாட்டி கதையில் இல்லை, அடுப்படியிலேயே நிற்கிறார்.

இத்தாலியர்களிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று. தெருமுனைச் சாப்பாடும் வீட்டுச் சமையலும் தாமாக நிலைக்கும் என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெல்லெக்ரினோ அர்த்தூசி என்ற பட்டு வியாபாரி, எழுபது வயதைத் தாண்டியபிறகு, 1891-இல் புளோரன்சில் சொந்தக் காசு போட்டு ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். படித்த குடும்பப் பெண்கள் தங்கள் ஊர்ச் சமையலைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். அவர் செய்து பார்த்துச் சேர்த்துக்கொண்டே போனார். 1911-இல் அவர் இறக்கும்போது குறிப்புகள் 790 ஆகியிருந்தன. பிறகு 1986-இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டு அருகே மெக்டோனல்ட்ஸ் வந்தபோது கார்லோ பெத்ரீனி என்பவரும் தோழர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் ஸ்லோ ஃபுட் இயக்கம். அவர்கள் கோஷத்தோடு நிற்கவில்லை. 1990-இல் இத்தாலி முழுவதும் உள்ள சின்னச் சாப்பாட்டுக் கடைகளைப் பட்டியல் போட்டு ஒரு கையேடு கொண்டுவந்தார்கள்; இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. ஆடம்பர உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. ஊர்ச் சமையலை நியாயமான விலைக்குப் போடும் கடையைக் கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

எங்கள் கடைகளுக்கும் அந்தக் கணக்கெடுப்பு இப்போதே வேண்டும். ஏனென்றால் நிலைமை இறுகிக்கொண்டு வருகிறது. அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். செகிஞ்சான் வயல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் நம் இலைக்கு வேண்டிய புழுங்கல் பொன்னி கப்பலேறித்தான் வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டது. டெல்லியில் போட்ட கையெழுத்து பெஸ்தாரி ஜெயாவின் உலையில் வந்து விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கோழிக்கான விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2025 ஆகஸ்டிலிருந்து, ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அது நியாயமான சட்டம். அந்தச் சம்பளத்தை நம்பியிருப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆனால் கடையின் கணக்கைப் பாருங்கள். அம்மாவுக்கும் மருமகளுக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. அவர்கள் கூலி வாங்காமல் நிற்பதால்தான் உங்கள் இலையின் விலை அந்த அளவில் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றினால், மருமகளுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தால், கடை மூடும். மூடிய கடையோடு புளியின் அளவும் போய்விடும்.

ஆகவே, வருகிறவர்களுக்குச் சில விண்ணப்பங்கள்.

முதலில், நேரத்தோடு வாருங்கள். பத்தரைக்கு வீட்டை விட்டால் பன்னிரண்டுக்குள் இலை முன் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. சனிக்கிழமை நல்லது, வேலைநாள் விடுப்பு கிடைத்தால் அதைவிட நல்லது.

கடையைத் தேடுவது எப்படி? கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். லாத்தாரிலிருந்து இறங்கினால் ஈஜோக், புக்கிட் பாடோங், பெஸ்தாரி ஜெயா வழி. கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் சாலையில் வந்தால் காப்பார், ஜெராம், புக்கிட் ரோத்தான். புக்கிட் ரோத்தானில் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் கும்பிட்டுவிட்டு வரலாம். பதினொன்றரைக்கு மேல் எந்தக் கடைவாசலில் மோட்டார் சைக்கிள்களும் சின்ன லோரிகளும் கலந்து நிற்கின்றனவோ அங்கே இறங்குங்கள். பக்கத்து எண்ணெய் நிலையத்தில் வேலை செய்யும் தம்பியிடம், "நீ எங்கேப்பா சாப்பிடுவே?" என்று கேளுங்கள். அதைவிட நம்பகமான வழிகாட்டி இல்லை.

எட்டுப் பேருக்கு மேல் வருவதானால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அறுபது பேருக்கு உலை வைக்கும் கடையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேன் கூட்டம் இறங்கினால், குலை வெட்டிவிட்டு ஒரு மணிக்கு வருகிறவர் பட்டினியாகத் திரும்பிப் போவார். நான் கடையின் பெயர் சொல்லாததற்கு இதுதான் காரணம். ஒரு காணொளி பரவி, ஒரே கடையில் இருநூறு பேர் வரிசை கட்டினால் கடைக்கு அது யோகமல்ல, தண்டனை. முதல் வாரம் சோறு தீரும். இரண்டாம் வாரம் ருசி தீரும். மூன்றாம் வாரம் கூட்டம் வேறு கடைக்குப் போய்விடும். பழைய வாடிக்கை அதற்குள் கலைந்திருக்கும்.

விலை பேசாதீர்கள். "இதென்ன ஊர்ப்பக்கம், இவ்வளவா?" என்ற கேள்வி வேண்டாம். மேல்கறியும் மீனும் தனிக் காசு. முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு மனத்தாங்கல் இராது. பலகையில் இல்லாததைக் கேட்டு அம்மாவைச் சங்கடப்படுத்தாதீர்கள். பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்றால் சொல்லுங்கள். தயிரும் ஒரு முட்டைப் பொரியலும் வந்துவிடும்.

நான் அதிகம் எதிர்பார்ப்பது கடைசி இரண்டைத்தான். ஒன்று, ஒரு குடும்பம் ஒரு கடை. பத்துக் கடை சுற்றிப் பத்துப் படம் போடுவதைவிட, ஒரே கடைக்கு மறுபடி மறுபடி வாருங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நாற்பது பேர் சாப்பாட்டை அங்கேயே சொல்லலாம். எங்கள் கடைகளைத் தாங்குவது இப்படி வரும் வாடிக்கைதான்.

இரண்டு, எழுதி வையுங்கள். உங்களில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கையில் கைபேசி இருக்கிறது, பேசும் தமிழ் இருக்கிறது. காப்பாரிலிருந்து சபாக் பெர்ணம் வரை மதியக் கடைகளின் கையேடு ஒன்று நமக்கு வேண்டும். அதில் நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வேண்டாம். ஊர், கடை திறக்கும் நேரம், எந்தக் கிழமை விடுமுறை, என்ன பதார்த்தத்துக்குப் பேர்போனது, தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்லலாமா, சமைக்கிறவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், இவ்வளவு போதும். கடைக்காரரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் சேருங்கள். ஒரு கடை மட்டும் ஊரறிந்தால் அது நொறுங்கும். ஐம்பது கடை சேர்ந்து தெரிந்தால் கூட்டம் பிரிந்து, எல்லாருக்கும் பிழைப்பு நடக்கும். அதோடு ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரே ஒரு பதார்த்தத்தின் செய்முறையை, அவர் சொல்லும் வார்த்தையிலேயே, வாங்கி எழுதுங்கள். "பார்த்துப் போடணும்" என்றால் பக்கத்தில் நின்று பார்த்து எழுதுங்கள். காளான் எப்போது பறிக்க வேண்டும், மரவள்ளிக் கொழுந்தை எத்தனை கொதிக்கு வடிக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று கேட்டால் கிடைக்கும்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், ஞாயிறு மலர் போடும் நம் பத்திரிகைகளும், விடுமுறையில் பயணம் ஏற்பாடு செய்யும் இளைஞர் மன்றங்களும் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் முடிந்துவிடும். தொடங்கி வைப்பதற்குச் சங்கம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பத்தரைக்குக் கிளம்புங்கள். குன்றும் குரங்கும் மாலையில் பார்த்துக்கொள்ளலாம். மின்மினி எப்படியும் இருட்டிய பிறகுதான். மதியக் கடை இரண்டரைக்கு மூடிவிடும்.

அன்புடன்,
பெஸ்தாரி ஜெயா பக்கத்து வாசி ஒருவன்